எட்டரை மணிச் சாப்பாடு: சிங்கப்பூரில் ரிசப்ஷன் கேட்டரிங், ஒரு மதிப்பீடு

அழைப்பிதழில் மாலை 6.30 என்று போட்டிருக்கும். கூட்டம் சேர ஏழே முக்கால் ஆகும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறி, கேக் வெட்டி, இரண்டு பேர் பேசி முடித்து, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று மைக்கில் சொல்லும்போது மணி எட்டரை. சிங்கப்பூரில் தமிழ்க் கல்யாண ரிசப்ஷன் பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான் போகிறது. சமையற்கூடத்தில் அடுப்பை அணைத்ததோ நாலரைக்கு.

கேட்டரர் தேடும் குடும்பங்கள் மெனுவைப் பார்க்கின்றன, தலைக்கு எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பார்க்கின்றன, சுவை பார்க்கப் போய் வருகின்றன. நாலரைக்கும் எட்டரைக்கும் நடுவில் உணவு எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. "பிரியாணி காய்ஞ்சு போச்சு", "வடை சவசவன்னு இருந்துச்சு", "நாங்க போறதுக்குள்ள மட்டன் தீர்ந்திடுச்சு" என்று பிறகு காதில் விழும் குறைகளில் பாதிக்கு மேல் கைப்பக்குவத்தால் வருபவை அல்ல, நேரக் கணக்கு தப்பியதால் வருபவை. ஆகவே இந்த மதிப்பீடு யார் சாம்பார் ருசி என்று பார்க்கவில்லை. அடுப்பிலிருந்து கடைசி விருந்தினரின் தட்டு வரை உணவை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்ப்பவர் யார் என்று பார்க்கிறது.

முதலில் சட்டம். சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிப்படி, கேட்டரிங் உணவோடு நேரச் சீட்டு வர வேண்டும். எப்போது சமைத்து முடித்தார்கள், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்று அதில் இருக்கும். இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம். இதற்குக் காரணம் உண்டு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சாதத்தில் வரும் பேசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியையே தாங்கிக் கிடக்கும். சாதம் வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்து நஞ்சை விடும், அந்த நஞ்சு மறுபடி சூடு காட்டினாலும் போகாது. பெரிய அண்டாவில் மெல்ல ஆறும் கறிக்குழம்பில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்ஜென்ஸ் என்ற இன்னொன்று வளரும். ரிசப்ஷன் முடிந்த மறுநாள் பத்துப் பதினைந்து பேருக்கு வயிறு கெட்டால் வழக்கமாகச் சந்தேகம் இறாலின் மேல் விழுகிறது. பார்க்க வேண்டியது சாதத்தையும் குழம்பையும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சமைத்து முடித்தது 4.30, வண்டியில் ஏற்றியது 5.00, மண்டபத்துக்கு வந்தது 5.50, மேசையில் வைத்தது 6.30. சீட்டில் காலக்கெடு 8.30. அதாவது முதல் விருந்தினர் தட்டை எடுக்கும்போது கெடு முடிகிறது. எனவே எந்தக் கேட்டரரிடமும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "எங்கள் ஆட்கள் எட்டரையிலிருந்து ஒன்பதே முக்கால் வரை சாப்பிடுவார்கள். நீங்கள் எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பீர்கள்?" தொழில் தெரிந்தவர், "பிரியாணி ஆறேகாலுக்கு தம் உடைப்போம், பாதியை முதல் வண்டியில் அனுப்புவோம், மீதி ஏழேகாலுக்குக் கிளம்பும்" என்று மணியோடு சொல்வார். "கவலையே படாதீங்க, எல்லாம் சூடா இருக்கும்" என்பது பதில் ஆகாது.

இரண்டு வண்டி வைக்க முடியாத கேட்டரர் என்றால் நிகழ்ச்சியை மாற்றுங்கள். உணவு மேசையை ஏழரைக்கே திறந்து, பேச்சையும் கேக்கையும் விருந்தினர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வைத்தால் குறையில் பெரும்பகுதி அப்போதே தீர்ந்துவிடும். பெரியவர்கள் சிலருக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் பசித்த பிள்ளைகளையும் சர்க்கரை நோய் உள்ள தாத்தாவையும் எட்டரை வரை உட்கார வைப்பதும் மரியாதை ஆகாது.

இனி, இங்கே கிடைக்கும் சேவைகள்.

கோயில் மண்டபச் சமையற்காரர்கள் தனி ரகம். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலோடு சேர்ந்த மண்டபம் போன்ற இடங்களில் சைவம் மட்டுமே. சில கோயில்கள் தங்கள் பட்டியலில் உள்ளவர்களைத்தான் உள்ளே விடும் என்பதால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவர்களுடைய பெரிய பலம், சமைக்கும் இடமும் பரிமாறும் இடமும் பக்கத்தில் இருப்பது. ரசம் கொதி தணியாமல் பந்திக்கு வரும். அப்பளம் அந்த நேரத்தில் பொரிபடும். முகூர்த்தச் சாப்பாட்டுக்கு இவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். மாலை ரிசப்ஷனுக்கு அதே ஆட்களைப் புஃபே போடச் சொன்னால் தடுமாறுவார்கள். மேசை அமைப்பு, உணவைச் சூடு குறையாமல் வைக்கும் சேஃபிங் டிஷ், சீன நண்பர்களுக்கு விளக்கிச் சொல்ல ஆள், இதெல்லாம் அவர்கள் அன்றாடம் செய்கிற வேலை இல்லை.

லிட்டில் இந்தியா உணவகங்களின் கேட்டரிங் பிரிவு அடுத்தது. 1924 முதல் இருக்கும் ஆனந்த பவன், 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ், மீன் தலைக்கறிக்குப் பெயர் பெற்ற முத்துஸ் கறி, பனானா லீஃப் அப்போலோ என்று சிங்கப்பூர்த் தமிழருக்கு நாக்கில் பழகிய பெயர்கள் பல இந்த வட்டாரத்தில் உண்டு. உணவகம் என்ற முறையில் ஒரு வசதி: என்றைக்கு வேண்டுமானாலும் போய் அவர்கள் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்கலாம். பொதுவாக இவ்வகைச் சேவையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கல்யாண நாள் சனி அல்லது ஞாயிறு. அன்று மாலை உணவகத்திலும் கூட்டம் நிரம்பி வழியும். ஒரே சமையற்கட்டு இரண்டு பக்கமும் ஈடுகொடுக்குமா, கேட்டரிங்குக்குத் தனிச் சமையற்கூடமும் தனி ஆட்களும் இருக்கிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

மூன்றாவது, செனோக்கோ, பாண்டான் லூப் போன்ற தொழிற்பேட்டைகளில் பெரிய சமையற்கூடம் வைத்திருக்கும் கேட்டரிங் நிறுவனங்கள். வண்டி, ஆள், மேசை, விளக்கு எல்லாம் இவர்களிடம் கச்சிதம். பலர் ஹலால் சான்றிதழும் வைத்திருப்பார்கள். ஆனால் இந்திய உணவு இவர்கள் செய்யும் பலவற்றில் ஒன்று என்றால், சாம்பாரும் கூட்டும் ஒரே நிறத்தில் வந்து நிற்கும். இந்திய மெனுவுக்கென்று தனித் தலைமைச் சமையற்காரர் இருக்கிறாரா என்பதே இங்கே முடிவு செய்யும் கேள்வி. இன்னொன்று தூரம். வடக்கே செனோக்கோவிலிருந்து கிழக்குக் கடற்கரைப் பக்கம் வர சனிக்கிழமை மாலை நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்த 4 மணி நேரத்திலிருந்துதான் கழியும்.

ஹோட்டல் மண்டபத்தில் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சில ஹோட்டல்கள் இந்தியக் கல்யாணத்துக்கு வெளிக் கேட்டரரை அனுமதிக்கும். அப்போது ஹோட்டல் சமையலறையில் சூடு காட்டும் வசதி தருவார்களா, தட்டும் கரண்டியும் யாருடையவை, பரிமாறுபவர்கள் யாருடைய ஆட்கள் என்ற மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் அன்று மாலை இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் கை காட்டும்.

வீட்டில் சமைத்து விற்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலை குறைவு, சுவையும் பல நேரம் அருமை. சிங்கப்பூரில் வீட்டிலிருந்து சிறிய அளவில் உணவு விற்க இடம் உண்டு. நிகழ்ச்சிகளுக்குக் கேட்டரிங் செய்ய அந்த ஏற்பாட்டில் அனுமதி இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு டின் முறுக்கு வாங்குவது வேறு, 300 பேருக்குச் சோறு போடுவது வேறு. யாரைப் பிடித்தாலும் அவருடைய உரிமத்தை உணவு அமைப்பின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் பெற்ற நிலையங்களின் விவரம் அங்கே எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது.

இப்போது மெனு. குடும்பங்கள் நிறைய நேரம் செலவிடும் இடமும் இதுதான், தப்பு நடக்கும் இடமும் இதுதான். ஒவ்வொரு பதார்த்தமும் மூன்று மணி நேரம் காத்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மட்டன் பிரட்டலும் மைசூர் மட்டனும் காத்திருக்கக் கூடியவை. மசாலா இறுகி, எலும்போடு ஒட்டி, நேரம் ஆக ஆகச் சுவை ஏறும். மீன் குழம்பு நிற்கும், மீன் வறுவல் நிற்காது. அரை மணியில் மேல்தோல் நமத்துப்போகும். சிக்கன் 65, எண்ணெயில் பொரித்த காலிஃபிளவர் வகைகளும் அப்படித்தான். பொரித்தவற்றை மூடியோடு வைத்தால் அதன் ஆவியே அதைக் கெடுக்கும். வடை அலுமினியத் தாளில் இறுக மூடி வருகிறதா, துளையிட்ட தட்டில் பாதி திறந்தபடி வருகிறதா என்பதை வைத்தே அந்தக் கேட்டரரின் அனுபவத்தைச் சொல்லிவிடலாம். பரோட்டா ஒரு மணி நேரத்தில் தோலாகும், இடியாப்பம் ஈரத் துணி போட்டு மூடினால் தாங்கும். பனீர் சூட்டிலேயே கிடந்தால் ரப்பர். தேங்காய்ச் சட்னி இந்த ஊர் வெக்கையில் முதலில் புளிக்கும், ஆகவே அது பனிப்பெட்டியில் வந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர வேண்டும். தயிர்ச்சாதத்துக்குத் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசைந்தால் எட்டரைக்குச் சரியான பதத்தில் இருக்கும். சாம்பார் நிற்க நிற்கப் பருப்பு இறுகும். கொதிநீரைத் தனியாகக் கொண்டுவந்து இளக்கத் தெரிந்த ஆள் மேசைப் பக்கம் இருக்க வேண்டும். மீ கோரெங் என்ற வறுத்த மஞ்சள் நூடுல்ஸ் ரிசப்ஷன் மேசையில் இருப்பது நல்லது. பிள்ளைகளும் காரம் பழகாத சக ஊழியர்களும் முதலில் அங்கேதான் போவார்கள். ஆனால் மஞ்சள் மீ சாற்றை உறிஞ்சிக் கட்டியாகும், எனவே சிறு தட்டுகளில் அடிக்கடி நிரப்பச் சொல்லுங்கள்.

மீன் தலைக்கறி புஃபேக்கு ஏற்றதல்ல என்பது எங்கள் திடமான கருத்து. கன்னச் சதை முதல் பத்துப் பேரோடு முடியும். பிறகு வருபவர்களுக்கு எலும்பும் வெண்டைக்காயும். அதே குழம்பில் தெங்கிரி மீன் துண்டு போடச் சொன்னால் 200 பேருக்கும் ஒரே மாதிரி கிடைக்கும்.

பிரியாணியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் ரிசப்ஷனின் பெயர் அதில்தான் இருக்கிறது. மற்ற உணவுகளும் இருக்கும் புஃபேக்கு 100 பேருக்கு 8 முதல் 10 கிலோ பாஸ்மதி அரிசி, எலும்போடு மட்டன் என்றால் 10 முதல் 12 கிலோ. இதற்குக் கீழே யாராவது கணக்குச் சொன்னால் கறி வராமல் சோறு மட்டும் வரும். மேசையில் இருக்கும் சேஃபிங் டிஷ் தட்டு 65 மில்லிமீட்டர் ஆழமுள்ள முழு அளவுத் தட்டு என்றால் சுமார் 9 லிட்டர் பிடிக்கும். அதில் ஏறக்குறைய 30 பேருக்குப் போடலாம். ஆழமான தட்டில் குவித்து வைத்தால் வேலை மிச்சம் என்று சிலர் நினைப்பார்கள். அடியில் இருப்பது பாரத்தில் நசுங்கிக் குழையும், மேலே இருப்பது காற்றில் விறைக்கும். அண்டாவிலிருந்து வாரி எடுக்கும்போது ஓரத்தில் கரண்டியைச் செங்குத்தாக விட்டு, அடி மசாலாவும் கறியும் மேல் அரிசியும் ஒன்றாக வரும்படி எடுக்க வேண்டும். மேலாக வழித்துக்கொண்டே போனால் முதல் 50 பேருக்கு வெள்ளைச் சோறு, கடைசி 20 பேருக்கு எண்ணெய் ஊறிய அடிச்சோறு. வாரிப் போடுபவர் சமையற்கூடத்திலிருந்து வருபவரா அன்றைக்கு மட்டும் வந்த பகுதிநேர ஆளா என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சேஃபிங் டிஷ் உணவைச் சூடாக்கும் கருவி என்று நினைப்பது பரவலான தப்பு. ஏற்கெனவே சூடாக உள்ளதை அப்படியே வைத்திருக்கத்தான் அதனால் முடியும். கீழ்த்தட்டில் இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கொதிநீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அது சூடேறுவதற்குள் உணவு ஆறிவிடும். அடியில் வைக்கும் ஜெல் எரிபொருள் டின் பலவும் சுமார் இரண்டு மணி நேரம்தான் எரியும். ஆறரைக்குப் பற்ற வைத்தால் எட்டரைக்கு அணையும், விருந்தினர் வரிசையில் நிற்கும் அதே நேரத்தில். மாற்று டின்கள் எத்தனை, யார் மாற்றுவார்கள் என்று கேட்டு வையுங்கள். சில மண்டபங்களில் திறந்த தீக்கே அனுமதி இல்லை. அப்போது மின்சார வகை வரும், அங்கே வேறு தொல்லை. 230 வோல்ட், 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறத்தாழ 3,000 வாட்தான் தாங்கும். ஒரு தேநீர்க் கொதிகலனே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அதே நீட்டிப்புக் கம்பியில் நான்கு சூட்டுத் தட்டையும் செருகினால் மின்சாரம் துண்டிக்கும், மேடை ஒலிபெருக்கியும் சேர்ந்து நிற்கும். கேட்டரரும் டிஜேவும் எந்தெந்த பிளக் யாருக்கு என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

தோசை, அப்பம் போன்ற உடனடிச் சமையல் மேசையை இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். பார்க்க அழகு, சாப்பிட ருசி. ஒரு கல்லில் ஒரு தோசைக்கு இரண்டு மூன்று நிமிடம் என்றால் மணிக்கு 20 முதல் 30. 300 பேர் கூடும் இடத்தில் ஒரு கல்லை வைத்தால் சண்டைதான் வரும். மூன்று கல்லாவது வேண்டும், இல்லையென்றால் ஏழு மணிக்கு வரும் முதல் கூட்டத்துக்குப் பலகாரமாக மட்டும் வையுங்கள்.

வரிசையின் வேகம் மெனுவைப் போலவே முக்கியம். பத்துப் பன்னிரண்டு பதார்த்தம் உள்ள மேசையில் ஒரு பக்கத்துக்கு நிமிடத்துக்கு நாலு பேர் நகர்ந்தால் நல்ல வேகம். இரண்டு பக்கமும் எடுக்கும் ஒரு மேசை என்றால் 300 பேருக்கு ஏறக்குறைய 40 நிமிடம். இரண்டு மேசை போட்டால் 20 நிமிடத்துக்குள் முடியும். அந்த வேகத்தில் ஒரு பிரியாணித் தட்டு நாலு நிமிடத்தில் காலி. நிரப்புவதற்கென்றே ஒரு ஆள் இல்லாவிட்டால் வரிசை காலித் தட்டின் முன்னால் நிற்கும். மட்டனையும் இறாலையும் ஆள் வைத்துப் போடச் சொல்லுங்கள், மற்றவற்றை விருந்தினரே எடுக்கட்டும். "மட்டன் தீர்ந்துவிட்டது" என்ற பேச்சு வராமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

வாழை இலைப் பந்தி ரிசப்ஷனுக்கு வேண்டுமா என்று கேட்டால், 150 பேருக்குள் என்றால் தயங்காமல் போடுங்கள். 300 பேர், 100 இருக்கை என்றால் மூன்று பந்தி. பந்திக்கு 45 நிமிடம் வீதம் எட்டரைக்குத் தொடங்கினால் பத்தே முக்காலுக்குத்தான் முடியும். மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் அதற்குள் வந்துவிடும். 100 இலைக்குப் பத்துப் பரிமாறுபவர்களாவது வேண்டும். அரிசி 11, 12 கிலோ, சாம்பார் 12 லிட்டர், ரசம் 8, பாயசம் 10, வடை 115 என்று கணக்கு வைத்தால் குறை வராது. இலையில் முன்னதாகவே எல்லாம் வைத்துவிடும் பழக்கம் பெருகி வருகிறது. கால் மணிக்கு மேல் போனால் பொரியல் வறண்டு, அப்பளம் நமத்து, இனிப்பு சாற்றில் ஊறும். உப்பு, ஊறுகாய், இனிப்பு போதும், மற்றவை ஆட்கள் உட்கார்ந்த பிறகு. இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதைப் பகுதிநேரப் பரிமாறுபவர்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும், பாட்டிமார் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சைவமும் ஹலாலும். பெயர்ச் சீட்டு வைத்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. சைவ மேசை தனியாக, அசைவ மேசையிலிருந்து சில அடி தள்ளி, வேறு கரண்டிகளோடு இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பத்தாவது நிமிடத்தில் கோழிக் கரண்டி கத்தரிக்காயில் கிடக்கும். அதன் பிறகு சைவக்காரர் தயிர்ச்சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விடுவார். சீன நண்பர்களில் பௌத்த சைவம் உண்பவர்களுக்கு வெங்காயம் பூண்டு ஆகாது, அவர்களுக்கு இரண்டு பதார்த்தமாவது தனியே குறித்து வைப்பது நல்லது. முஸ்லிம் விருந்தினர் இருந்தால், "இறைச்சி ஹலால் கடையில்தான் வாங்குகிறோம்" என்பதும் "பன்றி இறைச்சி சேர்ப்பதில்லை" என்பதும் ஹலால் சான்றிதழுக்கு ஈடாகாது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தரும் சான்றிதழ் சமையற்கூடம், பாத்திரம், ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத் தருவது. அதன் நகலைக் கேட்டு, காலாவதித் தேதியையும் பாருங்கள். முழுவதும் அப்படிச் செய்ய முடியாத சூழ்நிலையில், சான்றிதழ் பெற்ற கேட்டரரிடமிருந்து தனிப் பொதிகளாக வரவழைத்து, மூடி பிரிக்காமல் கொடுப்பதே நேர்மையான வழி.

பணம். தலைக்கு 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், 400 பேர், 8,000 வெள்ளி. பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன் மேல் 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடாக உள்ள ஜிஎஸ்டியும் சேரும். மொத்தம் 9,592 வெள்ளி. 21 வெள்ளி என்று எல்லாம் சேர்த்துச் சொல்பவரிடம் அதே 400 பேருக்கு 8,400தான். மூன்று கேட்டரர்களை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் கடைசித் தொகைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத சிறு நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவும் முடியாது, பில்லில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தலை எண்ணிக்கையா, தட்டு எண்ணிக்கையா என்பதில்தான் கல்யாணத்துக்கு மறுநாள் மனக்கசப்பு வருகிறது. தட்டுக் கணக்கில் பில் போடுபவர் என்றால், இரண்டாவது முறை புதுத் தட்டு எடுத்தவர் இரண்டு ஆளாகிறார். தட்டு அடுக்குகளைத் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் குடும்பத்திலிருந்து ஒருவரும் கேட்டரர் தரப்பில் ஒருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். இது மணமக்களின் அப்பா அம்மா செய்யும் வேலை இல்லை, சித்தப்பா மகனுக்கோ மாமா மகளுக்கோ முன்பே சொல்லி வையுங்கள். உறுதி எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து, கடைசி வாரத்தில் அதே விலையில் கூட்டிக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்குவது நல்லது. கூட்டுவதற்கு எல்லாரும் சம்மதிப்பார்கள், குறைப்பதற்கு யாரும் சம்மதிப்பதில்லை.

ஒப்பந்தத்தில் இன்னும் சில வரிகள் வேண்டும். அன்று அவர்களுக்கு மொத்தம் எத்தனை ஆர்டர்? தை, வைகாசி, ஆவணி முகூர்த்த ஞாயிறுகளில் ஒரே கேட்டரர் நாலைந்து கல்யாணத்தை எடுப்பது உண்டு. அதில் தவறில்லை, உங்கள் மண்டபத்துக்கு யார் பொறுப்பாளர் என்று பெயரோடு தெரிய வேண்டும். கோழி குளிரூட்டியதா உறைந்ததா என்றும் எழுதுங்கள். 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிங்கப்பூரில் பல சமையற்கூடங்கள் உறைந்த கோழிக்கு மாற வேண்டியிருந்தது. உறைந்த கோழி தண்ணீர் விடும், அதைக் கணக்கில் எடுக்காமல் தம் போட்டால் பிரியாணி குழையும். மாற்றம் வந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி போதும். கேட்டரரின் உரிமம் இடையில் நிறுத்தி வைக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திரும்ப வருமா, மாற்று ஏற்பாடு அவர்கள் செய்வார்களா என்பதும் அப்படியே. அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கிலோ சமூக மன்றத்திலோ என்றால் குப்பையை யார் எடுத்துப் போவது, எண்ணெய்க் கறைக்குத் தரைவிரிப்பு யார் போடுவது என்பதையும் சேருங்கள். நகர மன்றத்திடம் கட்டிய வைப்புத்தொகை அதில்தான் மாட்டிக்கொள்ளும்.

சுவை பார்க்கப் போகும்போது சொன்ன நேரத்துக்குப் போய் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டு வருவதில் பயன் கொஞ்சம்தான். ஒரு கிலோ பிரியாணியை யாரும் நன்றாகச் செய்வார்கள். பதிலாக, அவர்கள் அன்று வேறொரு நிகழ்ச்சிக்குச் சமைத்ததிலிருந்து ஒரு பொதி கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, சமைத்து முடித்து மூன்று மணி நேரம் ஆனதும் பிரித்துப் பாருங்கள். அரிசி உதிரியாக இருக்கிறதா, கோழி நெஞ்சுச் சதை சக்கையாகிவிட்டதா, கத்தரிக்காய்ப் பச்சடியில் எண்ணெய் பிரிந்து மிதக்கிறதா என்று பாருங்கள். உங்கள் விருந்தினர் வாயில் வைக்கப்போவது அந்த உணவைத்தான். நல்ல கேட்டரர் இந்த வேண்டுகோளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

மிச்ச உணவைத் தபாவ், அதாவது வீட்டுக்குப் பொதி, கட்டிக் கொடுப்பது நம் வழக்கம், கேட்டரர் மறுத்தால் கோபம் வருகிறது. சீட்டில் உள்ள நேரம் தாண்டிய உணவைக் கட்டித் தர மறுப்பவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். அப்படி மறுப்பவரையே தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக மேடைக் குடும்பம். மணமக்கள், இரு பக்கப் பெற்றோர், புகைப்படக்காரர், ஒப்பனை செய்தவர், டிஜே, ஓட்டுநர் என்று 20, 25 பேர் பத்து மணிக்கு மேல்தான் சாப்பிடுவார்கள். அதற்குள் மேசையில் இருப்பது சாம்பாரும் நாலு அப்பளத் துண்டும். பெண்ணின் அம்மா அதை நின்றபடி சாப்பிடும் காட்சி எத்தனையோ ரிசப்ஷனில் நடக்கிறது, அது நடக்கவே கூடாது. இவர்களுக்கான 25 பொதியை இரண்டாவது வண்டியில், கடைசியாக இறக்கிய அண்டாவிலிருந்து தனியே கட்டி, மூடியில் பெயரும் நேரமும் எழுதி, சூடு காக்கும் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒருவர் பெயரையும் கைபேசி எண்ணையும் ஒப்பந்தத்தின் கடைசி வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.